பெல்ஃபாஸ்ட்டில் கார் திருடு போனால்: காவல்துறையா, ஐ.ஆர்.ஏ.வா?

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில், அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கத் தரப்புக்கும் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் தரப்புக்கும் இடையே 1960களின் இறுதியில் தொடங்கி 1998 அமைதி ஒப்பந்தம் வரை நீண்ட மோதலில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். அப்படியிருந்தும் திருட்டு போன்ற சாதாரணக் குற்றங்கள் அங்கே இங்கிலாந்தைவிடக் குறைவாகவே பதிவாயின. இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிட முடியாது. தலைநகர் பெல்ஃபாஸ்ட்டின் மேற்கே கத்தோலிக்கத் தெருக்களில் பலர் காவல் நிலையப் பக்கமே போகவில்லை.

அங்கிருந்த காவல்துறையான ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரியில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்டுகள். புகார் கொடுக்கப் போனால் உளவு சொல்லச் சொல்வார்களோ என்ற பயம் வேறு. உளவாளி என்று பெயரெடுத்தால், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. கொன்றுவிடும். காவலர்களின் நிலையும் மோசம்தான். 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

சரி, ஐ.ஆர்.ஏ.விடம் சொன்னால்? நடவடிக்கை சீக்கிரம் வரும். வக்கீல், மேல்முறையீடு எதுவும் கிடையாது. கார் திருடி ஓட்டிய பதின்ம வயதுப் பையன்களின் முழங்காலில் சுட்டார்கள், ஊரைவிட்டே துரத்தினார்கள். அக்கம்பக்கத்தாரில் சிலர் இதைக் கேட்டு வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அவ்வளவு செய்தும் கார் திருட்டு நிற்கவில்லை. எதிர்த்தரப்பில் பிரிட்டனை ஆதரித்த லாயலிஸ்ட் ஆயுதக் குழுக்களும் தங்கள் பகுதிகளில் இதையே செய்தன.

என்னைக் கேட்டால் காவல்துறையே மேல், ஏனென்றால் அதைத் திருத்த வழி இருந்தது. 1999இல் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கான பேட்டன் ஆணையம் பரிந்துரைத்தபடி 2001இல் புதிய காவல்துறை வந்தது. புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள் என்று விதித்தார்கள். 2007இல் ஐ.ஆர்.ஏ.வோடு தொடர்புடைய கட்சியான சின் ஃபெயினும் அந்தக் காவல்துறையை ஏற்றது. முழங்காலில் சுடுவதோ 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.