ஒரே நாள் ஓட்டமா, பத்து மாத லீகா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும் உடம்பை முறிப்பது காம்ரேட்ஸ் மாரத்தான்தான் என்பார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கி.மீ.; யார் மறுப்பது? கேப் டவுனின் 56 கி.மீ. டூ ஓஷன்ஸ் ஓட்டத்தைப் பற்றி 1983இல் வெளியான ஆய்வில், ஓடியவர்களில் 33 சதவீதம் பேருக்கு இரண்டு வாரத்துக்குள் சளி, தொண்டைவலி. ஓடாதவர்களில் 15 சதவீதம்தான். ஆனாலும் நோய் எதிர்ப்புச் சக்திக்கு அந்த அடி ஒருமுறைதான் விழுகிறது.

தொழில்முறைக் கால்பந்து வீரருக்கு ஆகஸ்டில் தொடங்கும் லீக் மே வரை இழுக்கும். பயணம், அரைத்தூக்கம், அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் தணிய நேரமே இல்லை. எச்சிலில் கிருமியைத் தடுக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சீசன் போகப்போகக் குறையலாம். எனக்கு இதுதான் மோசமாகப் படுகிறது. ஓட்டக்காரர் ரசம் குடித்துப் படுத்துக்கொள்ளலாம். லீக் வீரரைப் பயிற்சியாளர் ஓர் ஆட்டம் உட்காரவைத்தால்தான் உண்டு.