இன்னோவா டிஎக்ஸ் மூன்று டிஸ்க் செட்: திருவொற்றியூர் கடற்காற்றுக்குத் தாங்குமா?

தட்டை வீசிக் கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃப் பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இன்னோவா நிறுவனத்தின் இந்தச் செட்டைத்தான். கூடைக்குப் போட ஏவியார், நடுத்தூரத்துக்கு ஷார்க், நெடுந்தூரத்துக்கு லெப்பர்ட் என மூன்று டிஸ்க். கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது அடியில் எழுதிய கிராம் கணக்கை. கேரம் ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டுகிறதா என்று தராசில் வைத்துப் பார்க்கும் வடசென்னைக்கு அது பழகிய வேலை. ஆனால் ஸ்ட்ரைக்கர் பலகையில் வழுக்குவது, இது காற்றில் மிதப்பது. எடை நடுவிலா, விளிம்பிலா என்று பார்க்க வேண்டும்.

எடையும் விட்டமும் ஒன்றே என்றாலும், சீராகப் பரவிய தட்டைவிட விளிம்பில் குவிந்த வளையத்துக்குச் சுழற்சி நிலைமம் இரண்டு மடங்கு. சுழற்றிவிட மணிக்கட்டு உழைக்க வேண்டும்; சுழன்ற பிறகு எளிதில் சாயாது. வலக்கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும் பேக்ஹேண்டில் டிஸ்க் வலஞ்சுழியாகச் சுற்றும். வேகம் இருக்கும்போது தூக்குவிசை மையத்துக்குப் பின்னால் நின்று மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே தள்ளும். சுழற்சி அதை வலச்சாய்வாக மாற்றிவிடும். வேகம் குறைந்ததும் விசை முன்னால் நகரும், டிஸ்க் இடப்பக்கம் சரியும். விளிம்பு கனத்தால் இரண்டும் தாமதமாகும். எம்விபி நிறுவனத்தின் டிஸ்குகளில் கனமான பிளாஸ்டிக் வளையத்தை வெளியே வார்ப்பது இதற்காகத்தான். இன்னோவா செட் ஒற்றை வார்ப்பு. வித்தியாசமெல்லாம் விளிம்பின் வடிவத்தில்தான்.

லெப்பர்டின் எண்கள் 6, 5, -2, 1. வரிசையாக வேகம், மிதப்பு, வலத்திரும்பல், இடச்சரிவு. மூன்றாவது எண்ணில் கழித்தல் என்றால் வலப்பக்கம் திரும்பும்; அந்த -2தான் கடலோரத்தில் வம்பு. பிற்பகலில் காற்று கிழக்கிலிருந்து வரும். காசிமேடு பக்கம் பார்த்து வீசினால் வலப்பக்கம் சாய்ந்த லெப்பர்டின் அடிவயிற்றில் காற்று ஏறி, எண்ணூர் விரைவுச் சாலைக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கொண்டுபோய் விடும். எண்ணூர் பக்கம் பார்த்து வீசினால் அதே காற்று முதுகில் அடித்துத் தரையில் அறையும். எதிர்க்காற்றில் இன்னும் மோசம், கவிழ்ந்தே போகும். அங்கெல்லாம் ஷார்க் போதும்: 4, 4, 0, 2. தாழ்வாக வீசுங்கள்.

150 கிராம் லெப்பர்ட் புதுக்கைக்கு எளிது, ஆனால் காற்றுக்கு ஆகாது. காற்றில் ஆட 165க்கு மேல் கேளுங்கள். போட்டி விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் உச்சம், 21.2 செ.மீ. டிஸ்கென்றால் 176க்குள். ஏவியார் 170க்கு மேல் இருக்கட்டும், கூடைக்குப் போடுவதில் அதுதான் இந்தச் செட்டின் அசல் லாபம்.

டிஎக்ஸ் பிளாஸ்டிக் வியர்வைக் கையிலும் நன்றாகப் பிடிபடும். கரையோரக் கருங்கல்லில் பட்டால் விளிம்பு பிய்யும். பிய்ந்த டிஸ்க் இன்னும் வலப்பக்கம் திரும்பும். பிசிறை மட்டும் உப்புத்தாளில் தேய்க்கலாம். கனம் கூட்ட ஒரு பக்கம் டேப் ஒட்டினால் தள்ளாடும், போட்டியிலும் செல்லாது. வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வளைந்துபோனால், வெந்நீரில் சற்று ஊறவைத்துச் சமமான தரையில் கனம் வைத்து ஆறவிடுங்கள்.