அம்பாசிடருக்கு எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பு: ஆறு மாதம் ஓட்டிய பிறகு

அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாங்கிய 1978 மார்க் 3 அம்பாசிடர் இன்னும் கோபியில் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. நிற்கிறது என்றால் சும்மா நிற்கவில்லை, வாரத்துக்கு ஒருமுறை சத்தி வரைக்குமாவது போய் வரும். ஒரே ஒரு தொல்லை, வெயில் காலத்தில் பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏற ஆரம்பித்தால் பத்தாவது பன்னிரண்டாவது வளைவுக்குள் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துவிடும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஹாரன் அடிக்கும் கரும்பு லாரி, ரோட்டோரம் இன்னும் காயாத யானை லத்தி, இதற்கு நடுவில் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பு மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு அந்த ஈரத்துணி வைத்தியம் நன்றாகத் தெரியும்.

காரணத்தை எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். "ஏங்கண்ணு, மேல மோட்டார வெச்சு உறிஞ்சறதும், கெணத்துக்குள்ள மோட்டார எறக்கித் தள்றதும் ஒண்ணா?" அவ்வளவுதான் விஷயம். பழைய மெக்கானிக்கல் பம்பு எஞ்சின் பிளாக்கிலேயே போல்ட் போட்டு நிற்கும், எஞ்சினோடு சுற்றும் கேம் ஷாஃப்ட் ஒரு லிவரைத் தள்ள, டயாஃப்ராம் என்ற சவ்வு மேலும் கீழும் ஆடி, பின்னால் டிக்கிப் பக்கம் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். எஞ்சின் சூட்டில் பம்பு கொதிக்கும், உறிஞ்சும் குழாயில் அழுத்தமும் குறைவு, அதனால் பெட்ரோல் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும், அப்புறம் டயாஃப்ராம் எவ்வளவு ஆடினாலும் ஆவியைத்தான் பிசைந்துகொண்டிருக்கும். பம்பை டேங்க் பக்கத்தில் வைத்துப் பின்னாலிருந்து தள்ளினால் குழாய் முழுக்க அழுத்தம் இருக்கும், சீக்கிரம் ஆவியாகாது. போர்வெல்லுக்கு சப்மெர்சிபிள் இறக்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, நான் வாங்கியது சின்ன டப்பா மாதிரி இருக்கும் 12 வோல்ட் பம்பு, ஆன்லைனில் 1,450 ரூபாய். கம்பெனிப் பெயர் என்று சொல்லும்படி பெட்டியில் எதுவும் இல்லை (கிணற்று மோட்டாருக்குப் பேர்போன கோயம்புத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு பெயரில்லாத பம்பை வாங்க வேண்டியிருக்கிறது). பெட்டியில் 2 முதல் 4 பிஎஸ்ஐ (தள்ளும் அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருந்தது. மாட்டிவிட்டு சாவியைத் திருப்பினால் டக்டக்டக் என்று வேகமாக அடித்துக் கொஞ்ச நேரத்தில் மெதுவாகும் என்று படித்திருந்தேன். மெதுவாகவே இல்லை. ஒரே பெட்ரோல் வாடை, பார்த்தால் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலிருந்து வழிந்து நேராக, சூடான புகை போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சொட்டுகிறது. இந்த எஞ்சினில் கார்புரேட்டர் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும், எஞ்சின் சில்லென்று இருந்ததால் தப்பித்தேன். குழாயில் டி போட்டு கேஜ் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ காட்டுகிறது. கார்புரேட்டருக்குள் மிதக்கும் ஃப்ளோட்டால் அந்த அழுத்தத்தை எதிர்த்து, பெட்ரோல் நுழையும் வழியில் இருக்கும் நீடில் வால்வை மூட முடியவில்லை.

அதனால் இன்னொரு 900 ரூபாய்க்கு பிரஷர் ரெகுலேட்டர் வாங்கி இரண்டரைக்கு இறக்கினேன். ரெகுலேட்டர் தலையில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், கேஜை நம்புங்கள். பெட்ரோல் நிறைய வந்தால் வண்டி இழுக்கும் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன், இந்த 1489 சிசி எஞ்சினுக்கு வேண்டியது நிறையப் பெட்ரோல் இல்லை, நிற்காமல் வரும் பெட்ரோல். இன்ஜெக்‌ஷன் வண்டிப் பம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள், அது 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும் சாமான்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய பம்பு எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்புக்கு அந்த அறிவு கிடையாது, எங்காவது மோதிக் குழாய் அறுந்தாலும் சாவி ஆனில் இருக்கும் வரை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஃப்யூஸ், ரிலே, ஆயில் பிரஷர் சுவிட்ச் மூன்றும் போட்டோம், ஆயில் பிரஷர் விழுந்தால் பம்பு நிற்கும். இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியில் எந்தப் பக்கம் எர்த் என்று முதலில் பாருங்கள், பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இது ஆகாது.

ஹோஸ் மாற்றும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. பழைய ரப்பர் உள்ளே உப்பி, கையால் கிள்ளினால் கறுப்பு மாவாக உதிர்கிறது, அதே மாவு கண்ணாடி ஃபில்டரின் அடியிலும் படிந்திருந்தது. 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. ஆர்9 என்று அச்சடித்த ஹோஸாக வாங்குங்கள், விலை அதிகம்தான். உண்மையைச் சொன்னால் என் தொல்லையில் பாதி இந்த ஹோஸாகத்தான் இருந்திருக்கும், உறிஞ்சும் பக்கம் வெடிப்பு இருந்தால் காற்று இழுக்கும், ஃபுட்வால்வு போன மோட்டார் கதைதான்.

ஏப்ரலில் நல்ல உச்சி வெயிலில் நாலு பேரோடு திம்பம் ஏறினேன். 27 வளைவும் ஒரு இருமல் இல்லாமல் ஏறியது. ஆனால் மேலே டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் இன்னும் முரண்டுதான். அது கார்புரேட்டருக்குள்ளேயே பெட்ரோல் கொதிக்கும் பிரச்சினை, பம்பு அதற்கு மருந்து இல்லை, கார்புரேட்டர் அடியில் சூடு ஏறாமல் தடுக்கும் தடிமனான பேக்கலைட் பேக்கிங் போட்டுப் பார்க்க வேண்டும். மைலேஜ் கூடும் என்று விற்பவர் எழுதியிருந்தது சுத்தப் பொய். டக்டக் சத்தம் பின் சீட்டில் நன்றாகவே கேட்கிறது, ரப்பர் புஷ் போட்டும் பாதிதான் குறைந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு இது வேண்டாம், டயாஃப்ராம் கிட்டும் நல்ல ஹோஸும் மாற்றினால் போதும். மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிய ஓட்டைக்கு அடித்த பிளேட்டில் இப்போது ஆயில் கசிகிறது, போர்ட்டிகோ டைல்ஸில் தினமும் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறை, அம்மா திட்டி முடிப்பதற்குள் பேக்கிங் மாற்ற வேண்டும்.