கடற்கரையில் மெதுவான ஷட்டரும் பேனிங்கும்: சில வருட அனுபவம்

மெதுவான ஷட்டர் ஆசை வந்ததும் பலர் முதலில் வாங்குவது என்டி1000 ஃபில்டர், லென்ஸுக்குள் போகும் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி. என்னிடமும் இருக்கிறது, பையின் அடியில் கிடக்கிறது. 30 நொடி திறந்து வைத்தால் அலையெல்லாம் கரைந்து பனிமூட்டம் போல ஆகிவிடும். நடுவில் பாறை இருந்தால் அழகுதான். வெறும் மணல்கரையில் எடுத்தால் கடல்தானா என்றே சந்தேகம் வரும்.

நான் வந்து நின்ற இடம் 1/4 நொடியிலிருந்து 1 நொடி வரை. அதுவும் அலை ஏறும்போது அல்ல, திரும்பும்போது. பின்வாங்கும் நீரோடு நுரையும் மணலில் கோடு கோடாக இழுபடும். சுமார் அரை நொடியில் அந்தக் கோடுகள் தனித்தனியாக விழும். நேரம் கூடக் கூட ஒன்றோடொன்று கலந்து வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/16 வைத்தால் ஏறக்குறைய 1/100 நொடி வரும். என்டி8 போட்டால் 1/12, என்டி64 போட்டால் அரை நொடிக்குச் சற்று மேல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என்டி64 வாங்கலாம். ஃபில்டர் இல்லாமல் துளையை எஃப்/22 வரை மூடிச் சமாளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கூர்மை குறையும், சென்சாரில் உள்ள தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ட்ரைபாட் விஷயத்தில் ஒன்று. திரும்பும் நீர் கால்களுக்கு அடியிலிருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகும். நன்றாக அமுக்கி ஊன்றி, ஓரிரு அலை வந்து போனபின் அப்புறம் ஃப்ரேம் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் பூட்டுகள் நறநறக்கும்.

பேனிங்கை, அதாவது நகரும் ஆளோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பதை, நான் கையில் பிடித்துத்தான் செய்கிறேன். ஓடுபவருக்கு 1/30, பழகியபின் 1/15. சைக்கிளுக்கு 1/60-இல் தொடங்கலாம். கால் அசையாமல் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், ஷட்டர் மூடிய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1/15-இல் முகம் ஓரளவு கூர்மையாக வந்து கைகால் கலங்கியிருந்தால் அது நல்ல படம். உடம்பு முழுக்கக் கூர்மையாக வேண்டும் என்று அடம்பிடித்தால் ஓடுகிற உணர்வே போய்விடும். லென்ஸில் பேனிங்குக்கான ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) மோட் இருந்தால் அதில் வையுங்கள், பக்கவாட்டு அசைவை அது தடுக்காது.

பின்னணியில் வெறும் வானம் மட்டும் இருந்தால் எவ்வளவு திருப்பினாலும் வேகம் தெரியாது. உடையும் அலையும் வெயிலில் மினுங்கும் நீரும் பின்னால் இருந்தால்தான் கோடுகள் கிடைக்கும். அதனால் கொஞ்சம் குனிந்தே எடுக்காமல், ஆளுக்குப் பின்னால் நீர் வருமளவு உயரத்தில் கேமராவை வைத்துக்கொள்கிறேன்.

ஆளே இல்லாத நாளில் தொடுவானத்தை ஒட்டியே கேமராவை இழுத்துப் பாருங்கள், அரை நொடி போதும். வானம், கடல், நுரை, மணல் எல்லாம் பட்டை பட்டையாக விழும். கை ஒரே மட்டத்தில் போக வேண்டும். சாய்ந்த படத்தை மென்பொருளில் நிமிர்த்திவிடலாம். நடுவில் கை ஏறி இறங்கிவிட்டால் அந்தக் கோடுகளை நேராக்க வழியில்லை, அழித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.