ஆற்றங்கரையா, காரங்காடா?

பாய்மரப் படகுக் குழு ஒன்றைத் தொடங்கி, அதை வைத்தே ஆற்று முகத்துவாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் ராமநாதபுரத்தில் எந்தக் கரை? என் மனதில் இரண்டுதான்: வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊர், கோட்டக்கரையாறு சேரும் காரங்காடு.

காரங்காட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது. வனத்துறையும் ஊர் மீனவர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள், கயாக்கும் உண்டு. காட்டைப் பார்க்க ஆள் வருவதால், அதைக் காப்பதில் ஊருக்கும் லாபம். சரி, பாய்? கால்வாய்க்குள் மரங்கள் காற்றை மறித்துவிடும். அங்கே துடுப்புதான்.

ஆற்றங்கரையில் காற்றுக்குக் குறையில்லை; சிக்கல் ஆறுதான். 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். மிஞ்சினால்தான் கடல். அப்படி வெள்ளம் வரும் வருஷம், மேலேயுள்ள ஊர்களின் பிளாஸ்டிக்கும் கூடவே வரும். கை வைக்க வேண்டிய வேலை இங்கேதான் அதிகம், அதனால் என் ஓட்டு இதற்கு.

இரண்டுமே பாக் விரிகுடாக் கரை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் கரையோரம் அலை அடங்கித் தெரியும். ஆனால் காற்று கடலுக்குள் தள்ளும். புதிதாகப் பழகுபவருக்குப் போவது எளிது, திரும்புவதுதான் பாடு. வடகிழக்கு வாடைக்காற்றில் நேர்மாறு. உள்ளூர் மீனவர் ஒருவர் கூட இல்லாமல் பாயை விரிக்க வேண்டாம். அப்புறம், நங்கூரத்தைக் கடற்புல் மேல் போடாதீர்கள். ஆவுளியா என்ற கடற்பசு மேய்வது அதைத்தான்.