பழைய டெக்கா, புது பிளேயரா?

கேசட் கேட்கும் ஆசை திரும்ப வந்தால் இரண்டு வழி உண்டு: வீட்டில் வைத்துக் கேட்கும் பழைய கேசட் டெக்கைச் சரிசெய்வது, இல்லையென்றால் இப்போது வரும் புது பிளேயரை வாங்குவது. கடலோர ராயபுரத்தில் இருக்கும் நான் பழையதன் பக்கம்தான்.

புதியதில் தொல்லை இல்லை, பெட்டியைப் பிரித்ததும் பாடும். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரே மாதிரியான மலிவு மெக்கானிசம், டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியும் கிடையாது; டால்பி பி என்ற வகையில் பதிந்த கேசட்டைப் போட்டால் ஜால்ரா சத்தம் தூக்கலாகி, பின்னால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கும்.

பழையது முதலில் வேலை வாங்கும். காயலான் கடையில் நான் எடுத்த டெக்கில் பெல்ட் உருகி, தார் மாதிரி புல்லியில் ஒட்டிக் கிடந்தது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்து ஒரு மாலையே போனது, விரலில் ஏறிய கறுப்பு மூன்று நாள் போகவில்லை. அப்புறம் புது பெல்ட் போட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் சுத்தம் செய்து, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினேன், அதுவரை போர்வைக்குள் கேட்ட மாதிரி இருந்த பாட்டு பளிச்சென்று திறந்தது பாருங்கள், அந்த நொடிக்காகவே இதைச் செய்யலாம்.

கடற்காற்றில் ஸ்விட்சும் வால்யூமும் கரகரக்கும், அதைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே வாங்கி வையுங்கள். ஜப்பான் உள்ளூர் மாடல் என்றால் 100 வோல்ட், நம் 230-இல் நேரடியாகச் செருகிவிடாதீர்கள், பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

ரயிலில் கேட்க மட்டும்தான் என்றால் புதியதே போதும். வீட்டில் அப்பா பதிந்த கேசட் ஒரு பெட்டி இருந்தால், பழைய டெக்.