லினக்ஸ் பூட் ஆகவில்லையா? கிரப் வழியா, பென்டிரைவ் வழியா

"அண்ணே, சிஸ்டம் எந்திரிக்கவே மாட்டேங்குது. கருப்பா எழுத்தா நிக்குது."

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தபோது நான் காரைக்குடியில் இருந்தேன். பேக்கப்புக்கு மாட்டியிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியிருக்கிறார். பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் அதற்கான வரி மட்டும் அப்படியே இருந்தது. இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்துவிட்டு, பழுதுபார்க்க மட்டுமே ஆன எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது. அது டெபியன் என்ற லினக்ஸ் வகை; நிறுவும்போது ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) பாஸ்வேர்டு கொடுக்கவில்லை. அதனால் 'ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது, என்டர் தட்டு' என்கிறது. தட்டினால் திரும்பவும் அதே.

இந்த நிலையில் என் முதல் தேர்வு கிரப்தான், அதாவது ஆன் செய்ததும் லினக்ஸை ஏற்றிவிடும் சின்ன புரோகிராம். எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், வேறு கம்ப்யூட்டர் வேண்டாம். கிரப் மெனு வந்ததும் 'ஈ' (e) தட்டி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ' (ro, படிக்க மட்டும்) என்பதை 'ஆர்டபிள்யூ' (rw, எழுதவும்) ஆக்கி, கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' (init=/bin/bash) சேர்த்து, எஃப்10. போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொன்னேன். சிமெண்டுத் தூசி படிந்த கீபோர்டில் ஸ்லாஷ் எங்கே என்று தேடவே அவருக்கு நேரம் பிடித்தது. நேராக ரூட் ஷெல், அதாவது நிர்வாகியாகக் கட்டளை தட்டும் திரை. நானோ எடிட்டரில் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, பழைய டிஸ்க்கின் வரி கணக்கில் வராமல் இருக்க அதற்கு முன்னால் ஒரு '#'. பிறகு மாற்றத்தை டிஸ்க்கில் எழுத 'சிங்க்' (sync), மறுபடி தொடங்க 'ரீபூட் -எஃப்' (reboot -f). கிரப்பில் செய்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் என்பதால், தப்பாகத் தட்டியிருந்தாலும் பயமில்லை. இதே வசதி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் யாருக்கும் கிடைக்கும். கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் டிஸ்க் என்கிரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது) அவசியம் என்று நான் சொல்வது அதனால்தான்.

கிரப்பே கெட்டுப்போனால் இந்த வழி அடைந்துவிடும். அப்போது லைவ் பென்டிரைவ், அதாவது நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ். நம்மூர் வீட்டில் முகப்புக் கதவு திறக்காவிட்டால் அடுத்த தெரு சுற்றிப் பின்கட்டு வழியாக உள்ளே போவதில்லையா, அதேதான். லினக்ஸ் இருக்கும் பழைய ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து (இணைத்து), டெவ், பிராக், சிஸ் (/dev, /proc, /sys) மூன்று ஃபோல்டர்களையும் அதற்குள் பைண்ட் செய்து, பழைய சிஸ்டத்துக்குள்ளேயே நுழையும் 'சிஹெச்ரூட்' (chroot) போட்டு, கிரப்பையோ பூட் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையோ (initramfs) திரும்ப உருவாக்கலாம். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) மெஷின் என்றால், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் சேர்த்து மவுண்ட் செய்யுங்கள். பலர் விடுவது இதைத்தான். எஃப்எஸ்டேப் திருத்த மட்டும் சிஹெச்ரூட் தேவையில்லை, மவுண்ட் செய்து கோப்பைத் திருத்தினால் முடிந்தது. ஆனால் பென்டிரைவ் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

டைம்ஷிஃப்ட் என்ற புரோகிராமில் ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் நகல்) எடுத்து வைத்திருந்தால் நல்லது. பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்கள். ரீஇன்ஸ்டால்? ஒரு வரித் தப்புக்கு அது வேண்டவே வேண்டாம். சொந்தக் கோப்புகள் இருக்கும் 'ஹோம்' தனி பார்ட்டிஷனில் இல்லையென்றால் பூ டிசைன் கோப்புகளெல்லாம் போய்விடும்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டும் நாளில் அந்த வரியில், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காமல் இருக்க, 'நோஃபெயில்' (nofail) சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ரீபூட் செய்வதற்கு முன்னால், எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றை இணைத்துப் பார்க்கும் 'மவுண்ட் -ஏ' (mount -a) ஒருதடவை ஓட்டிப் பார்க்கவும்.